ஒரு ஆர்டருக்கு ஒரு சட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆர்டர் வந்த பிறகே அச்சடித்து அனுப்பும் டி-ஷர்ட், கோப்பை, போஸ்டர் எல்லாம் சினிமா, இசை, வீடியோ கேம் விளம்பரத்துக்குள் எப்படி நுழைந்தன என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, படம் வரையும் ரசிகர்கள் எழுதியவை. மீதி, எதையோ வெளியிடத் தயாராகிக்கொண்டிருக்கும் சிறு குழுக்கள் எழுதியவை. எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம். பன்னிரண்டு வருடம் ஸ்க்ரீன் பிரிண்டிங் (சல்லடை போன்ற திரை வழியாக மை இறக்கி அச்சடிப்பது) பட்டறையில் நின்றேன். அதன் பிறகு இன்றுவரை, படங்களுக்கும் இசைக்குழுக்களுக்கும் ரசிகர் பொருட்கள் செய்து கொடுக்கிறேன். ஆறு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் முதல் படம் நான்கு மாதத்தில் வெளியாகிறது. 500 டி-ஷர்ட் மொத்தமாக அடித்தால் ஒரு சட்டைக்கான செலவு பாதியாகக் குறைகிறது. ஆர்டருக்கு ஒன்று என்று அடித்தால் கையில் ஒன்றும் நிற்காது போலிருக்கிறது. எது சரி?
(படக்குழுவில் கணக்குப் பார்க்கும் வாசகர்)

கூட்டல், கழித்தலில் தப்பில்லை. ஆனால் 500 சட்டையும் விற்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை அந்தக் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.

நான் பட்டறையில் இருந்தபோது ஒரு படத்துக்கு 600 சட்டை அடித்தோம். நான்கு நிறம், நல்ல பருத்தித் துணி. வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது படத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். எல்லாச் சட்டையிலும் நெஞ்சில் பழைய பெயர். பெட்டிகள் பின்னறைக்குப் போயின. ஒன்றரை வருடம் கழித்து ஒரு பெட்டியைத் திறந்தேன். மடிப்பு விழுந்த கோட்டில் வெள்ளைத் துணி மஞ்சளாகியிருந்தது. மடிப்புக்குள் அச்சும் அச்சும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பிளாஸ்டர் உரிவது போலச் சர்ரென்று சத்தம் வந்தது. எழுத்துகளின் ஓரம் கையோடு வந்துவிட்டது. அந்த மை கலக்கியது நான். அடித்தது என் கூட நின்றவர்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெரிய இடங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. 1982-ல் 'ஈ.டி.' படத்தை வைத்து அட்டாரி நிறுவனம் ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தது. தேவைக்கு மேல் பல மடங்கு தயாரித்தார்கள். விற்காத சரக்கில் ஒரு பகுதியை, அந்த நிறுவனத்தின் மற்ற கேம்களோடு சேர்த்து, 1983-ல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரியில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வெகுநாள் இது வெறும் வதந்தி என்றே பலர் நினைத்தார்கள். 2014-ல் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் வெளியே வந்தன.

நேர் எதிராகவும் நடக்கும். 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானது. அந்த வரவேற்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. பொம்மை செய்யும் உரிமை வாங்கியிருந்த கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைத் தயார் செய்ய முடியவில்லை. அதனால் ஒரு அட்டை உறையை விற்றார்கள். அதற்குள் இருந்த சீட்டைத் தபாலில் அனுப்பினால், நான்கு பொம்மைகள் அடுத்த வருடம் வீட்டுக்கு வரும். குழந்தைகள் அதையும் வாங்கினார்கள். சரக்கு இல்லாமலே ஆர்டர் எடுத்த வியாபாரம் அது. இன்று நாம் செய்வதற்கு ஒருவகையில் மூத்த அண்ணன்.

2019 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் உலகில் நடக்கும் 'தி மாண்டலோரியன்' தொடர் வந்தபோது, அதில் வரும் பச்சை நிறக் குழந்தைப் பாத்திரம் முன்கூட்டியே வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பொருட்களையே நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல் அத்தியாயம் முடிந்ததுமே உலகம் முழுக்க அதைக் கேட்டார்கள். டி-ஷர்ட்டும் கோப்பையும் சில வாரங்களில் கிடைத்தன, ஏனென்றால் அவற்றுக்கு ஒரு படக்கோப்பு இருந்தால் போதும். பொம்மைக்கு அச்சு வார்க்க வேண்டும், ஆலை வேண்டும், கப்பல் வேண்டும். அடுத்த வருடம்தான் வந்தது. அதற்குள் ரசிகர்கள் தாங்களே பின்னியும் தைத்தும் விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, உங்கள் விஷயம். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன் செய்து, பொருத்தி, மை போட்டு நிற்க வைப்பதுதான் பெரிய செலவு. அது முடிந்த பிறகு பத்து அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் கை போகும் வேகம்தான். அதனால்தான் மொத்தமாக அடித்தால் மலிவு. துணி மேல் நேரடியாக மை தெளிக்கும் டிடிஜி இயந்திரத்தில் ஸ்க்ரீன் கிடையாது. முதல் சட்டைக்கும் நூறாவது சட்டைக்கும் ஒரே செலவு. முதல் இரண்டு மாதம் ஆர்டருக்கு ஒன்று என்றே போங்கள். லாபம் குறைவாகத்தான் நிற்கும். ஆனால் எந்த டிசைன் நகர்கிறது, எந்த அளவு அதிகம் கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். என் அனுபவத்தில் தேங்கியவை எப்போதும் கடைசி அளவுகள்தான்: மிகச் சிறியதும் மிகப் பெரியதும். நகரும் டிசைன் தெரிந்ததும் அதை மட்டும் மொத்தமாக அடியுங்கள்.

இடையில் ஒரு வழியும் உண்டு. 2011-ல் தொடங்கிய டீஸ்ப்ரிங் என்ற தளம் அதை எல்லோருக்கும் பழக்கியது. இத்தனை ஆர்டர் சேர்ந்தால்தான் அச்சடிப்போம், சேராவிட்டால் யாரிடமும் பணம் எடுக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. ரசிகர் கூட்டம் சிறியதாக, நெருக்கமாக இருந்தால் எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். எண்ணிக்கையை எட்டவைக்க ரசிகர்களே நாலு பேரிடம் சொல்வார்கள். விளம்பரம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த தொடரின் நாயகியை வரைந்தேன். நண்பர்கள் சட்டையாகக் கேட்கிறார்கள். ஒரு தளத்தில் ஏற்றினால் அவர்களே அச்சடித்து அனுப்பி எனக்குப் பங்கு தருவார்களாம். கோடு ஒவ்வொன்றும் என் கையால் போட்டது. என் படம்தானே?
(ஓவியம் படிக்கும் மாணவி)

படம் உங்களுடையது. பாத்திரம் உங்களுடையதில்லை. இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான் சிக்கல்.

நீங்கள் போட்ட கோடுகளை, தொடரை எடுத்த நிறுவனம்கூட உங்களைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்துவது நியாயமில்லை. அதேபோல அந்த நாயகியின் உருவம், உடை, பெயர் ஆகியவற்றின் உரிமை அவர்களிடம் இருக்கிறது. தொடரின் பெயரை அதே எழுத்து வடிவத்தில் போட்டால் வணிகக்குறியும் சேர்ந்துகொள்ளும். முகம் நடிகையின் முகம் மாதிரியே இருந்தால் அவருடைய உரிமையும் உள்ளே வரும். வரைந்து நண்பர்களுக்குக் காட்டுவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் கண்டுகொள்வதில்லை, சிலர் மகிழ்ச்சியோடு பகிரவும் செய்கிறார்கள். விற்கத் தொடங்கும் நொடியில் எல்லாம் மாறிவிடுகிறது. தளத்தில் ஏற்றும்போது 'இதன் உரிமை என்னிடம் இருக்கிறது' என்ற பெட்டியில் டிக் அடிக்கச் சொல்வார்களே, அங்கே பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் வந்துவிடுகிறது.

'ஃபயர்ஃப்ளை' என்று 2002-ல் ஒரு தொடர் வந்து சீக்கிரமே நின்றுபோனது. அதில் ஜெய்ன் என்ற முரட்டு ஆளுக்கு அவன் அம்மா ஒரு கம்பளித் தொப்பி பின்னி அனுப்புவாள். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த கோணல்மாணலான தொப்பி. தொடர் நின்ற பிறகும் பத்து வருடம் ரசிகர்கள் அதைப் பின்னி ஒருவருக்கொருவர் விற்று வந்தார்கள். அந்தத் தொப்பிதான் அவர்கள் கூடும்போது அடையாளம். 2013-ல் அதிகாரப்பூர்வத் தொப்பிக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. கூடவே, கையால் பின்னி விற்றவர்களுக்கு நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் போனது. ரசிகர்கள் மனம் உடைந்து கொதித்தார்கள். அந்தத் தொப்பியை விற்ற திங்க்கீக் கடை, அதில் வரும் லாபத்தை அந்த ரசிகர்கள் ஆதரிக்கும் அறப்பணிக்குக் கொடுப்பதாக அறிவித்தது. சட்டப்படி உரிமையாளர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் பத்து வருடம் அந்தத் தொடரை உயிரோடு வைத்திருந்தவை பின்னல் ஊசி பிடித்த அந்தக் கைகள்தான். முன்கூட்டியே அவர்களையும் கூப்பிட்டு உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பேசி வழி கண்ட இடங்களும் உண்டு. ஜப்பானில் வொண்டர் ஃபெஸ்டிவல் என்று கைவேலைப் பொம்மைகளுக்கான திருவிழா நடக்கிறது. அங்கே ஒரு நாள் உரிமம் என்ற ஏற்பாடு இருக்கிறது. ரசிகர் முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். மாதிரியை உரிமையாளர் பார்த்து ஒப்புக்கொண்டால், அந்த ஒரு நாள், அந்த இடத்தில் மட்டும் விற்கலாம். மறுநாள் அந்த உரிமம் கிடையாது. கேட்க விசித்திரமாக இருந்தாலும், தனி ஆளாக வேலை செய்யும் ஒருவர் பயமில்லாமல் தன் பொம்மையை மேசையில் வைக்க அதுதான் வழி செய்கிறது. 2007-ல் வந்த ஹட்சுனே மிகு என்ற குரல் மென்பொருளின் பாத்திரத்துக்கு, லாபநோக்கில்லாமல் யாரும் வரையலாம், பயன்படுத்தலாம் என்று அதன் நிறுவனமான கிரிப்டன் பொது உரிமமே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பாத்திரம் இவ்வளவு பரவியதற்கு அந்தச் சில பக்கங்கள் பெரிய காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது: தொடரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் ரசிகர் படைப்புக்கான விதிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ரெட்பபிள், டீபப்ளிக் போன்ற தளங்களில் சில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்ட ரசிகர் ஓவியத் திட்டம் உண்டு. உங்கள் தொடர் அந்தப் பட்டியலில் இருந்தால் படத்தை அனுப்பி ஒப்புதல் வாங்கி விற்கலாம். இல்லையென்றால் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் வராமல் போகலாம். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கிய சட்டையில் நாலு சலவையிலேயே அச்சு வெடித்துவிட்டது. வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

உள்ளங்கையை அச்சின் மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். துணி மாதிரியே தோன்றினால் டிடிஜி. மேலே மெல்லிய தோல் போர்த்தியது போல இருந்தால், படலத்தில் அடித்துச் சூட்டில் ஒட்டிய டிடிஎஃப். இரண்டுமே ஒழுங்காகச் செய்தால் நீடிக்கும்.

கறுப்புச் சட்டையில் டிடிஜி அடிப்பதைக் கிட்டே நின்று பார்த்தால் எங்கே தப்பு நடக்கிறது என்று புரியும். முதலில் ஒரு திரவத்தைத் துணி மேல் தெளித்து ஹீட் பிரஸ்ஸில் உலர்த்துவார்கள். அது இல்லாவிட்டால் வெள்ளை மையைத் துணி குடித்துவிடும். பிறகு வெள்ளை அடுக்கு, அதன் மேல் நிறங்கள். கடைசியில் மறுபடி சூடு கொடுத்து மையை இறுக வைப்பார்கள். அவசரத்தில் இந்தக் கடைசிச் சூட்டைக் குறைத்துவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. முதல் சலவையில் தெரியும். அச்சை இரண்டு விரலால் லேசாக விரித்துப் பாருங்கள். நிறத்துக்கு நடுவே துணி பளிச்சென்று தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். நல்ல சட்டையையும் உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில்தான் துவைக்க வேண்டும். அச்சின் மேல் நேராக இஸ்திரி போடாதீர்கள்.

ரசிகர்களுக்கு டிசைன் போட்டி வைக்கப் போகிறோம். ஜெயிப்பவரின் பெயரை அறிவித்து, அவர் டிசைனைச் சட்டையாக விற்போம். பணம் எதுவும் ஒதுக்கவில்லை. 'வந்த படங்கள் எல்லாம் எங்களுக்கே சொந்தம்' என்று விதியில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். சரிதானே?
(இசை வெளியீட்டு நிறுவன விளம்பரப் பிரிவு)

சரியில்லை. தயவு செய்து அந்த விதியை எடுத்துவிடுங்கள்.

300 பேர் வரைந்து அனுப்பினால் ஒருவர் ஜெயிப்பார். மற்ற 299 பேரின் ராத்திரிகளையும் நீங்கள் சும்மா எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள். நாளைக்கு அந்த ஓவியர் தன் படத்தைத் தன் தொகுப்பில் வைக்கக்கூட உங்களைக் கேட்க வேண்டும். ஓவியர்கள் இதையெல்லாம் படிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் முதலில் படிப்பதே இந்த வரியைத்தான். நன்றாக வரைபவர் அங்கேயே பக்கத்தை மூடிவிடுவார்.

2000-ல் தொடங்கிய த்ரெட்லெஸ் என்ற சட்டைத் தளம் முழுக்க இந்த முறையில்தான் வளர்ந்தது. யாரும் டிசைன் அனுப்பலாம், மற்றவர்கள் மதிப்பெண் போடுவார்கள், தேர்வானது சட்டையாகும், வரைந்தவருக்குப் பணம் போகும். கட்டைகளை இணைத்து விளையாடும் பொம்மைகள் செய்யும் லெகோ நிறுவனத்தின் 'லெகோ ஐடியாஸ்' திட்டத்தில் ஒரு ரசிகரின் மாதிரிக்கு 10,000 பேர் ஆதரவு சேர்ந்தால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கும். தேர்ந்தெடுத்து விற்பனைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 சதவீதம் அந்த ரசிகருக்கு. பெட்டியோடு வரும் புத்தகத்தில் அவரை அறிமுகமும் செய்கிறார்கள். ஒரு சதவீதம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அது எழுத்தில் இருக்கிறது, முதல் நாளே எல்லோருக்கும் தெரியும்.

உங்களிடம் பணம் ஒதுக்கவில்லை என்கிறீர்கள். ஆர்டருக்கு ஒன்று என்று அச்சடிப்பதால்தான் இதற்கு வழி இருக்கிறது. முன்பணம் தேவையில்லை. ஒவ்வொரு சட்டை விற்கும்போதும் ஒரு பங்கு ஓவியருக்கு என்று தளத்திலேயே பிரித்து வைத்துவிடலாம். ஜெயித்த படத்துக்கு மட்டும், சட்டைக்கும் போஸ்டருக்கும் மட்டும், இரண்டு வருடத்துக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். மற்ற படங்கள் வரைந்தவர்களிடமே இருக்கட்டும். ஓவியரின் பெயரைக் கழுத்துக்குப் பின்னால் உள்பக்கம் அச்சிடுங்கள். அப்புறம், கணக்கை மாதம் ஒரு முறை அவருக்கு அனுப்புங்கள். விற்பனை இரண்டே சட்டையாக இருந்தாலும் அனுப்புங்கள்.

இன்னொன்று. எதை வரைய வேண்டும் என்று நீங்கள் கட்டளையிடாதீர்கள். ஒரு படத்துக்கு நாங்கள் ஐந்து டிசைன் செய்திருந்தோம், ஐந்திலும் நாயகன் முகம். ஒரு ரசிகை ஒரு குடையை வரைந்து அனுப்பினார். கறுப்புக் குடை, ஒரு கம்பி மட்டும் மடங்கித் தொங்குகிறது, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். படத்தில் அது இரண்டு நிமிடம்கூட வராது. பெயர் இல்லை, முகம் இல்லை, படம் பார்க்காதவருக்கு அது வெறும் குடை. எங்கள் ஐந்தையும் சேர்த்தால்கூட அந்தக் குடை விற்றதை எட்டவில்லை. அந்தச் சட்டையைப் போட்ட இருவர் வழியில் சந்தித்தால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் வாங்கினார்கள். எங்களில் யாருக்கும் அந்தக் குடை கண்ணில் படவில்லை. படத்தைப் பதினொரு தடவை பார்த்தவருக்குப் பட்டது.

ஆர்டருக்கு அச்சடிப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

தேங்கிய சரக்கைப் புதைக்கவோ எரிக்கவோ தேவையில்லை, அது நிச்சயமாக நல்லது. ஆனால் ஒவ்வொரு சட்டையும் தனி உறையில் தனியாகப் பயணம் போகிறது. அளவு தப்பாகித் திரும்பி வந்தாலும் அதை இன்னொருவருக்கு அனுப்புவது கடினம். அதனால் ஆர்டர் போடும் முன், உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய சட்டையைத் தட்டையாக விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து, தளத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எஸ், எம், எல் எழுத்துகளை நம்ப வேண்டாம்.

என் மகள் ராத்திரி பகல் பாராமல் ஒரு ரசிகர் மன்றத்துக்காக வரைந்துகொண்டே இருக்கிறாள். சென்ற மாதம் ஒரு நிறுவனம் அவள் படத்தைப் பார்த்து, அச்சுக்குக் கோப்பு அனுப்பும்படி கேட்டிருக்கிறது. இது வேலையாகுமா? என்ன அனுப்புவது, எதைக் கவனிப்பது?
(ஒரு தாய்)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அவளிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். இந்தத் துறையில் இன்று சம்பளத்துக்கு வரையும் பலர் இப்படித்தான் உள்ளே வந்தார்கள். மாதச் சம்பளம் போல நிலையாக வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். படிப்பை விட வேண்டாம். ஆனால் இதை வெறும் பொழுதுபோக்கு என்றும் தள்ளாதீர்கள்.

படக்கோப்பு அனுப்பும் முன் எழுத்தில் நான்கு பதில் வேண்டும். எந்தெந்தப் பொருளில் அச்சிடுவார்கள், எத்தனை காலத்துக்கு, ஒரு பொருளுக்கு எவ்வளவு பங்கு, பெயர் எங்கே வரும். மின்னஞ்சலில் வந்தாலும் போதும். அந்தப் பாத்திரத்தின் உரிமையாளரிடம் அவர்கள் உரிமம் வாங்கியிருக்கிறார்களா என்றும் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். ஒழுங்கான நிறுவனம் கோபப்படாது. பதில் வரும்வரை பெரிய கோப்பு போகக் கூடாது. பார்ப்பதற்குச் சிறிய படம் ஒன்று, குறுக்கே அவள் பெயரோடு, அது போதும்.

கோப்பு விஷயம்: அச்சு 30 சென்டிமீட்டர் அகலம் என்றால் படம் சுமார் 3,500 பிக்சல் அகலமாவது இருக்க வேண்டும், அப்போதுதான் அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கும். சின்னதாக வரைந்து பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டு போலத் தெரியும். பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக இருக்கட்டும். பாதி தெரிந்தும் தெரியாத நிழல்களை, குறிப்பாகக் கறுப்புச் சட்டைக்கு, தவிர்க்கச் சொல்லுங்கள். அடியில் போகும் வெள்ளை மை அங்கே பொட்டுப் பொட்டாக எட்டிப்பார்க்கும். நிழல் வேண்டுமென்றால் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ போடலாம். திரையில் ஒளிரும் அந்தப் பளீர்ப் பச்சையும் பளீர் இளஞ்சிவப்பும் துணியில் மங்கித்தான் வரும், அதைப் பார்த்து அவள் வருத்தப்பட வேண்டாம். முதல் சட்டை ஒன்றை மாதிரியாக அனுப்பச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு முறை துவைத்த பிறகு சம்மதம் சொல்லட்டும்.

கோடும் நிறமும் தனித்தனி அடுக்காக இருக்கும் மூலப் படக்கோப்பை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அதைத் தேதியோடு இரண்டு இடத்தில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். பென்சிலில் போட்ட முதல் கிறுக்கல் தாள் இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். இதை வரைந்தது யார் என்று என்றைக்காவது கேள்வி வந்தால் எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும்.